எழுபதுக்கு வைத்த பொட்டு

ஏற்காட்டில் ஜீப் ஓட்டும் செங்கோடனுக்கு வாய் நீளம். வளைவுக்கு ஒரு கதை சொல்லி டூரிஸ்ட்டுகளைச் சிரிக்க வைப்பான். அந்த வாய் அடைத்துப்போனது ஒரே ஒரு முறைதான். அதுவும் திறந்திருக்க வேண்டிய நேரத்தில்.

மகள் ஏழாம் மாதம் பிறக்கும் முன்பே பிறந்துவிட்டாள். சேலத்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் தொள்ளாயிரம் கிராம். நெற்றியில் ஒரு பட்டை ஒட்டியிருந்தார்கள். அதன் வெளிச்சம் தலைக்குள் போய்த் திரும்பி, மூளைக்கு எவ்வளவு ஆக்சிஜன் சேர்கிறது என்று சொல்லுமாம். திரையில் எழுபது.

"ஏனுங்க சிஸ்டர், பாஸ் மார்க் எத்தனைங்க?"

"அம்பத்தஞ்சுக்குக் கீழ போகக்கூடாதுங்கண்ணா. நீங்க படிக்கையில எத்தனை வாங்குனீங்க?" என்றாள் நர்ஸ் அற்புதம்.

"புள்ள முன்னாடி அதையெல்லாம் கேக்காதீங்க சிஸ்டர்."

வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அந்த எழுபதைத்தான் பார்த்தார்கள். இத்தனை கண் பட்டால் எந்த எண் தாங்கும்? மிஷினுக்குப் பொட்டு வைத்தால் உதைப்பார்கள். அதனால் மகளுக்கு வைத்தான். முழங்கை வரை மூன்று முறை கழுவிய விரலை, சட்டைப் பையிலிருந்த மைச்சிமிழில் தொட்ட புத்திசாலி அவன். தொப்பிக்கு அடியில், பூமுடிக்குள், மிளகளவு.

தோல் புண்ணாகாமலிருக்க, பட்டையை அவ்வப்போது இடம் மாற்றுவார்கள். அன்று மாலை மாற்றியபோது அது பொட்டின் மேலேயே உட்கார்ந்தது. அறுபது. ஐம்பத்தொன்று. நாற்பத்தாறு. மிஷின் கத்தியது.

டாக்டர் ரம்யா ஓடி வந்தார். "கால்ல ஆக்சிஜன் அளவு சரியா இருக்கு, தலையில மட்டும் ஏன் குறையுது? ரத்தம் எடுங்க."

செங்கோடனுக்குப் புரிந்துவிட்டது. ஹெட்லைட்டில் சேறு அப்பினால் ரோடு தெரியாது என்று அறியாத டிரைவரா? ஆனால் சொன்னால் இனி உள்ளே விடமாட்டார்கள். ஆபரேஷன் முடிந்து எழ முடியாமல் கிடக்கும் மனைவி மேகலாவிடம் போய் என்ன சொல்வது? மைச்சிமிழ் இருந்த பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டான்.

குதிகாலில் ஊசி இறங்கியது. எடுத்த ரத்தம் உறைந்துபோக, மறுபடியும் குத்தினார்கள். குழந்தையின் முகம் அழுகைக்குக் கோணியது. வாயில் குழாய் இருந்ததால் சத்தம் வரவில்லை.

அப்போதுதான் அவன் வாய் திறந்தது. "பொட்டுங்க சிஸ்டர்… நாந்தான் வெச்சேன்."

அற்புதம் மையைத் துடைத்து, வேறு பட்டை ஒட்டினாள். அறுபத்தெட்டு. டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அற்புதம்தான் மெதுவாகச் சொன்னாள்: "இவ ஒடம்புல இருக்கற மொத்த ரத்தமும் ஒரு டீ கிளாஸ் வராதுங்கண்ணா. மொதக் குத்துக்கு முன்னாலயே சொல்லியிருக்கலாமுங்கல்ல?"

இப்போது மகளுக்கு இரண்டு வயது. வீடு முழுக்க ஓடுகிறாள். குதிகாலில் வெள்ளைப் புள்ளிகள் நிறைய. அவற்றில் தன்னுடைய இரண்டு எவை என்று செங்கோடனுக்கு இன்னும் தெரியவில்லை. பொட்டுக் கதையைச் சொல்லி ஜீப்பைக் குலுங்க வைப்பான். ஊசி வரும் இடத்தில் கியர் மாற்றிவிடுவான். மேகலாவிடமும் அதுவரைதான்.

"ஏனுங்க, எப்பப் பாத்தாலும் புள்ள காலையே பாக்கறீங்க?"

"செருப்பு சைசு பாக்கறேன்."

"நேத்துத்தானுங்க வாங்குனோம்!"

"நொம்ப வேகமா வளர்றாள்ள" என்றான், காலை விடாமல்.