சாக்குக்கு வெளியே நீட்டிய கால்

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமாக மகள் மூச்சிரைக்கச் சொன்னாள்: "அம்மா, எங்க ஸ்கூல் வேன்காரர் வேனுக்குள்ள ஒரு புள்ளைய சாக்குல கட்டி வெச்சிருக்காரு. கால் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அழுதுச்சும்மா!"

தையல்காரி தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டாள். அந்த வேன்காரர் பிள்ளைகளை அதட்டிக்கூடப் பேசாதவர். இருந்தாலும் மகளைத் துருவிக் கேட்கத் தோன்றவில்லை. நேரே எதிர்க்கடை இஸ்திரிக்காரரிடம் ஓடினாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே" என்றுதான் ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் கூச்சல் கேட்டு ஓடினாள். வேனின் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. வேன்காரரைத் தரையில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். வாயெல்லாம் ரத்தம். "பொம்மைங்க... துணிக்கடைக்கு..." என்று அவர் குழறியது யார் காதிலும் ஏறவில்லை. இஸ்திரிக்காரர் இரும்புக் கம்பியை ஓங்கி அவர் முகத்திலேயே இறக்கினார்.

வேனுக்குள் சாக்கிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த காலைத் தையல்காரி அப்போதுதான் பார்த்தாள். எத்தனை கவுன்களை மாட்டிப் பார்த்திருப்பாள் அப்படிப்பட்ட பொம்மைகளுக்கு! "அய்யோ, அது பொம்மைண்ணே!" என்று அலறியபடி வேன்காரர்மேல் விழுந்தாள். அடுத்த அடி அவள் தோளில் விழுந்து எலும்பு முறிந்தது. யாரோ சாக்கைக் கிழித்தார்கள். உள்ளே சிரித்த முகத்தோடு ஒரு பொம்மை. கூட்டம் ஆளுக்கொரு பக்கமாக நழுவியது.

போலீசிடம் அவள் எதையும் மறைக்கவில்லை, தான் சொன்னதையும் சேர்த்துத்தான் சொன்னாள். இஸ்திரிக்காரரைக் கைது செய்தார்கள்.

கட்டுப்போட்ட தோளோடு வீட்டுக்கு வந்து மகளை உட்கார வைத்தாள்.

"அழுதத நீ கேட்டியா?"

"இல்லம்மா. நானா சேத்துக்கிட்டேன். அப்பதான் நீ தைக்கிறத விட்டுட்டு என் பக்கம் திரும்புன." பிறகு விசும்பினாள். "ஒரு வார்த்தைதானேம்மா?"

அடிக்க ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. "நானும் ஒருத்தர்கிட்டதான்டி சொன்னேன்" என்றாள் தாய்.

மறுநாள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வேன்காரருக்கு ஒரு கண் போய்விட்டிருந்தது. அவர் மனைவி தையல்காரியைப் பார்த்த மாத்திரத்தில் பளாரென்று அறைந்தாள். திரும்பவும் அறைந்தாள். தையல்காரி தடுக்கவில்லை. மகள்தான் கதறினாள்.

"மாமா, அது அழவே இல்ல. நான்தான் பொய் சொன்னேன்."

வேன்காரர் வீங்கிய உதட்டை அசைத்தார். "என்கிட்ட எதுக்கும்மா சொல்றே? எம் புள்ளைங்க வெளிய தலை காட்ட மாட்டேங்குதுங்க. அதுங்ககிட்ட போய்ச் சொல்லு."

போனார்கள். கதவு திறந்ததும் வேன்காரரின் மூத்த மகன் கையில் கிடைத்த டம்ளரை வீசினான். சிறுமியின் நெற்றி கிழிந்து ரத்தம் புருவத்தில் வழிந்தது. தாய் அவளைப் பின்னால் இழுத்தாள். சிறுமி அந்தக் கையை உதறிவிட்டு அங்கேயே நின்றாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து அவன் தங்கை மெல்லக் கேட்டாள்: "அப்ப எங்கப்பா புள்ள பிடிக்கிறவர் இல்லையா?"

"இல்ல" என்றாள் சிறுமி. "உங்க தெருவுல யார் கேட்டாலும் நானே வந்து சொல்றேன்."

தங்கை உள்ளே போய் ஒரு ஈரத்துணியைக் கொண்டுவந்து நீட்டினாள்.