நாலாம் நம்பர் கேபின்

ஷட்டர் பாதி உயர்ந்ததும் சிக்கிக்கொண்டது. கிருபாகரன் குனிந்து தோளைக் கொடுத்து மேலே தள்ளினான். உள்ளே இன்டர்நெட் கடையின் நான்கு கம்ப்யூட்டர்களும் நேற்று மதியத்திலிருந்து அணைக்கப்படாமல் இரைந்துகொண்டிருந்தன. தரையில் அவன் மனைவி ரெபேக்காளின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. நேற்று அவள் மயங்கி விழுந்தபோது கழன்றது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் செல்போனில் அவளுடைய அக்காவை அழைத்தான்.

"கடைக்கு வந்துட்டேன். அவகிட்ட குடு."

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில், ஞானம்மாள் போனைத் தங்கையின் காதில் வைத்திருக்க வேண்டும். முதலில் மூச்சுதான் கேட்டது. பிறகு குரல்.

"எல்லாம் ஓடிகினு கீதா?"

"கீது. மெயினை ஆஃப் பண்ணிட்டு வந்துடவா?"

"அது போதாதுயா. திரும்ப போட்டா அவங்க மெயிலு தானா தொறந்துக்கும். நான் சொல்ற மாதிரி செய்யி."

சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இதய வால்வைக் கெடுத்து வைத்திருந்தது. நேற்று நாற்காலியிலிருந்து எழுந்தவள் அப்படியே சரிந்தாள். கேபின்களில் இருந்தவர்கள் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி ஓடிவந்து அவளைத் தூக்கி அவனுடைய ஆட்டோவில் ஏற்றினார்கள். பக்கத்துச் சங்குக் கடை சீனு ஷட்டரை இழுத்துவிட்டான்.

இன்று காலை கண் விழித்ததும் மூக்கிலிருந்த ஆக்சிஜனை விலக்கிக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "மிஷின்லாம் யாரு அழிச்சது?" என்பதுதான்.

"யாரும் அழிக்கல. நீ படு."

"நாலு பேர் மெயிலும் தொறந்து கெடக்குமே. நீ போ."

"உன்ன இப்படி வுட்டுட்டா? சீனுவுக்கு போன் பண்றேன். அவன் செய்வான்."

"சீனு படிப்பான்" என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது. "நீ போனாத்தான் நான் தூங்குவேன்யா." தேறி வருவதாகத்தான் டாக்டரும் சொல்லியிருந்தார். திருக்கழுக்குன்றம் வழியாக ஆட்டோவை விரட்டிக்கொண்டு மாமல்லபுரம் வந்து சேர்ந்தான்.

கடை ஆரம்பித்த புதிதில், ஒவ்வொருவரும் எழுந்து போனதும் அவள் அந்த இடத்தில் போய் உட்கார்ந்து எதையோ தட்டுவதைப் பார்த்து, என்ன செய்கிறாய் என்று கேட்டிருக்கிறான். "குக்கீஸ் அழிக்கிறேன்" என்றாள். "பிஸ்கோத்தா?" என்று அவன் கேட்க, அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்புறம் விளக்கினாள். உட்கார்ந்தவர் யார், எதைப் பார்த்தார் என்று கம்ப்யூட்டர் தனக்குள் குறித்து வைத்துக்கொள்ளும். அதை அழிக்காவிட்டால் அடுத்து உட்காருகிறவன் கைக்கு எல்லாம் போய்விடும்.

கருங்குழியில் அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். படிக்கத் தெரியாது. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்த அண்ணனிடமிருந்து கடிதம் வந்தால், பண்ணை வீட்டுக் கணக்குப்பிள்ளைதான் களத்துமேட்டில் நின்று உரக்கப் படிப்பார். அண்ணி கோபித்துக்கொண்டு போனது, அண்ணனுக்குச் சீக்கு வந்தது எல்லாம் அப்படித்தான் வீட்டுக்குத் தெரிந்தது. ஊருக்கும் சேர்ந்தே தெரிந்தது. படிக்கும்போது கணக்குப்பிள்ளை நடுநடுவே சிரிப்பாராம். "எங்கம்மா தலைய குனிஞ்சிகினே நிக்கும்யா" என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அதற்குமேல் சொன்னதில்லை.

"மொத கேபின்ல உக்காந்தியா? சைன் அவுட்னு கீதா? அதை அமுக்கு. இப்ப மேல டூல்ஸ்ல போ. கடைசியா இன்டர்நெட் ஆப்ஷன்ஸ்."

வாழ்நாளெல்லாம் ஆட்டோ ஹேண்டில் பிடித்த கைக்கு மவுஸ் வழுக்கியது. குக்கீஸ், ஃபைல்ஸ், ஹிஸ்டரி என்று ஒவ்வொரு பட்டனாக அவள் சொல்லச் சொல்ல அழித்தான். ஒவ்வொரு முறையும் 'நிஜமாகவே அழிக்கவா' என்று அது கேட்டது. இரண்டாவது கேபின். மூன்றாவது. நடுவில் அவள் மூச்சு வாங்கினாள். அவன் காத்திருந்தான்.

"கிருபா."

வாசலில் உப்பிலி நின்றிருந்தார். பெருமாள் கோயில் மடப்பள்ளியில் இருப்பவர். இந்தக் கட்டடம் அவருடைய மைத்துனருடையது. இந்தத் தெருவில் காலனி ஆட்களுக்குக் கடை தர ஒருவரும் முன்வராதபோது, அவர் சொன்ன ஒரு வார்த்தையில் கிடைத்த இடம்.

"ரெபேக்கா எப்படி இருக்கா?"

"பேசுறா சாமி. லைன்லதான் கீறா."

"பெருமாள் பார்த்துப்பார்." அவர் உள்ளே வந்தார். முகம் இரவெல்லாம் தூங்காத முகம். "நேத்து சாரு இங்கதான் இருந்தா. தொறந்ததை மூடாம வந்துட்டேன்னு அவ அம்மாகிட்ட சொல்லி அழறா. யாருக்கோ எழுதிண்டிருக்கா. யாருன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறா. எந்த மிஷின்னு காட்டு. பார்த்துட்டுப் போயிடறேன்."

நேற்று ரெபேக்காளின் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிவரை வந்த பெண் சாருலதா. நாலாம் நம்பர் கேபின்.

"வேணாம் சாமி."

"நான் அவ அப்பாடா."

"தெரியும் சாமி."

"இந்தக் கடை யாரால..." அவர் முடிக்கவில்லை.

"உங்களாலதான். நாங்க மறக்கல."

காதில் ரெபேக்காள் கேட்டாள். "யாருயா அங்க?"

"யாரும் இல்ல. நீ சொல்லு. நாலாவதுல உக்காரப் போறேன்."

கேபினுக்குள் நுழைந்து உட்கார்ந்தான். அகன்ற முதுகு, பிளைவுட் தடுப்புக்கு நடுவே வாசலை அடைத்துக்கொண்டது. திரையில் பாதி எழுதிய கடிதம். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தாள். எழுத்துக் கூட்டினால் அவனாலும் படிக்க முடியும். 'அப்பா' என்ற சொல் தானாகக் கண்ணில் பட்டது. சட்டென்று இடது உள்ளங்கையை விரித்துத் திரையின் மேல் வைத்தான். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு வலது கையால் மவுஸைத் தேடினான். உப்பிலியின் மூச்சு அவன் பிடரியில் பட்டது. அவர் தொடவில்லை. இவன் திரும்பவும் இல்லை.

"சைன் அவுட் ஆச்சா?"

"ஆச்சு."

"குக்கீஸ்?"

"ம்."

"படிச்சியா?"

"இல்ல."

"தெரியும்" என்றாள். ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டாள். பிறகு, "கெட்டிக்காரன்யா நீ" என்றாள்.

அவன் எழுந்தபோது உப்பிலி தெருவைப் பார்த்தபடி வாசலில் நின்றிருந்தார். "மாசக் கடைசியில சாவியக் குடுத்துடு" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். அவன் "சரி சாமி" என்றான். நான்கு கம்ப்யூட்டர்களையும் அணைத்து, விசிறியை நிறுத்தி, ஷட்டரை இழுத்துப் பூட்டினான்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது ஞானம்மாள் வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவனும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

வெகுநேரம் கழித்து அவள் சொன்னாள். "பக்கத்து பெட்டு அம்மாகிட்ட சொல்லிகினே இருந்தா. என் வூட்டுக்காரரு கம்ப்யூட்டரு தொட்டதே இல்ல, இன்னிக்கி நாலையும் அழிச்சிட்டாருன்னு. நர்ஸு வந்தாங்க, அவங்க கிட்டயும் சொன்னா. அப்புறம் தூங்குறேன்னு திரும்பிப் படுத்தா."

அவன் தலையை ஆட்டினான். நிமிர்ந்து உட்கார்ந்தான். கண்ணீர் அதன் பாட்டில் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் பாஸ்டர் வருவதற்கு முன்பே காலனித் தெரு நிறைந்துவிட்டது. கருங்குழியிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் ஒரு வேனுக்குள் அடங்கினார்கள். மற்றவர்கள் எல்லோரும் சொந்தமில்லாதவர்கள். லாட்ஜில் படுக்கை விரிப்பு மாற்றுகிறவர்கள் யூனிஃபார்மோடு வந்து நின்றார்கள். கல்பட்டறை ஆட்கள் தலைமுடியில் வெள்ளைத் தூசியோடு வந்தார்கள். மீனவர் குப்பத்தில் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். நல்ல சட்டை போட்ட நடுத்தர வயது ஆள் ஒருவர் எதிர்ச்சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அவரை அங்கே யாருக்கும் தெரியவில்லை.

ரெபேக்காளின் மாமா கருப்பன் கிருபாகரனின் பக்கத்தில் வந்து குசுகுசுத்தார். "யாரு மாப்ள இவங்கல்லாம்?"

"கடைக்கு வர்றவங்க மாமா."

"அந்தாளு எதுக்கு அப்படி அழுவுறாரு? அவருக்கு நம்ம பொண்ணு இன்னா பண்ணுச்சி?"

"தெரியாது மாமா. அவளுக்கும் தெரியாது" என்றான் கிருபாகரன். சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டான். கருப்பனுக்கு விளங்கவில்லை. ஆனால் மருமகன் நின்ற நிற்பைப் பார்த்துவிட்டு அவரும் துண்டை உதறி ஒழுங்காகப் போட்டுக்கொண்டார்.

பெட்டியை மூடுவதற்கு முன் சாருலதா வந்தாள். ரெபேக்காளின் காலருகே கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பும்போது அவனிடம், "அப்பாகிட்ட ராத்திரி நானே சொல்லிட்டேன் அண்ணா" என்றாள். அவர் என்ன சொன்னார் என்று அவன் கேட்கவில்லை.

கல்லறைத் தோட்டம் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம். கிருபாகரன் பெட்டியின் முன்பக்கம் தோள் கொடுத்தான். கல்பட்டறை ஆட்கள் மற்ற மூலைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பாட்டு ஆரம்பித்தது. தெருமுனையை நெருங்கும்போது செங்கல்பட்டு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது.

முனையில் நின்றிருந்த உப்பிலி குடையை மடக்கினார். ரோட்டின் நடுவே போய் நின்று வலது கையை உயர்த்தினார். பஸ் நின்றது. டிரைவர் முதலில் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. பிறகு பெட்டிக்குப் பின்னால் தெரு முழுக்க வந்துகொண்டே இருந்தவர்களைப் பார்த்தார். என்ஜினை அணைத்துவிட்டு, சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.