இடது ஸ்பீக்கர்

காலை ஆறு மணிக்கு அவன் படகின் அடியில் தேங்கிய நீரை இறைப்பான். ஆறேகாலுக்கு டீசல் அளவு பார்ப்பான். ஆறரைக்கு, செத்துப்போன மனைவி போன வருடம் அதே நாள் அதே நேரத்தில் படகில் பேசியதைப் பழைய ஸ்டீரியோ பேசத் தொடங்கும். ஏழு மணிக்கு முதல் நடை கிளம்பும். அவள் பேச்சு மட்டுமல்ல, ஏறியவர்கள் பேச்சும் சேர்ந்தே வரும். போன வருடம் தன் மாமனாரைப் பற்றி என்ன சொன்னோம் என்பதை மாமனாரின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க நேர்ந்த பிறகு, கணக்கு வாத்தியார் படகில் வானிலை தவிர வேறெதுவும் பேசுவதில்லை. படகுக்காரனின் மாமியார் தினமும் முதல் வரிசையில் ஏறி, மகளின் போன வருடப் பேச்சுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு அக்கரை போய்த் திரும்புவாள். யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டீசல் விலை ஏறியதைத்தான் பேசினார்கள்.

படித்துவிட்டுப் படகு ஓட்டுவதால், அவனைப் படகுத்துறையில் பட்டதாரி என்பார்கள். மனைவி முதல் நடையில் டிக்கெட் கிழித்துவிட்டு, அக்கரையில் இறங்கி மருந்துக்கடை வேலைக்குப் போவாள். கடைசி நாளன்று ஒரு கால் படகிலும் ஒரு கால் துறையிலுமாக நின்று என்னவோ சொன்னாள். என்ஜின் இரைச்சலில் அவன் காதில் ஒன்றும் விழவில்லை. அவன் தலையாட்டினான். மதியம் கடையில், மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தபோது, தலைக்குள் நரம்பு வெடித்துப் போய்விட்டாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பாள் என்றாள் மாமியார். போய் வருகிறேன் என்றுதான் சொன்னாள், நான் பக்கத்தில் நின்றேன் என்றார் வாத்தியார். எதற்குத் தலையாட்டினோம் என்று தெரியாமல் ஒரு வருடம் ஓட்டியவன் அவன் ஒருவன்தான்.

அந்த நாள் திரும்பி வர இன்னும் பத்து நாள் இருந்தது. ஸ்டீரியோவோ உப்புக்காற்றில் அரித்து, நாளுக்கு நாள் கரகரத்து, நாலு வார்த்தையில் மூன்றை விழுங்கியது. இப்படியே விட்டால் அன்றைக்கு வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். கட்டிலுக்கடியில் அவள் வாங்கி வைத்துப் பிரிக்காத புது ஸ்டீரியோப் பெட்டி இருந்தது. மாற்றுவது என்று முடிவெடுத்தான்.

"மாப்பிள்ளை, அதுல கை வச்சீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன். அவ குரலே அதுக்குள்ளதான் இருக்கு."

"அதுக்குள்ள இருந்தா அதோட சேர்ந்து துருப்பிடிச்சுப் போயிடும், அத்தை."

"புதுசுல வரலைன்னா?"

"வரலைன்னா வரல."

பேட்டரி வயரைக் கழற்றினான். இரண்டு திருகுகளையும் உருவி, பழைய பெட்டியை வெளியே இழுத்தான். பின்னால், யாரோ பின்னொரு நாள் மாற்றும்போது இழுத்துப் பிடிக்க வேண்டாமென்று, ஒரு முழ வயர் கூடுதலாக விட்டுச் சுருட்டி, தலைக்குப் போடும் ரப்பர் பேண்டால் கட்டியிருந்தது. இடது ஸ்பீக்கர் வயரில் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு. ஐந்து வருடம் முன்பு அதையெல்லாம் கட்டியவள் அவள்தான். படிச்சது நீங்க, வயர் கட்டுறது நானா என்று கேட்டுக்கொண்டே கட்டினாள். ரப்பர் பேண்டைக் கையில் மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தான். பழையதில் மின்சாரம் திரும்பி வர இரண்டு ஸ்பீக்கருக்கும் சேர்த்து ஒரே கறுப்பு வயர். புதியதில் அப்படிக் கொடுத்தால் எரிந்துவிடும் என்று பெட்டியோடு வந்த தாளில் போட்டிருந்தது. மூன்று முறை படித்தான். வலதுக்குத் தனியாக ஒரு கறுப்பு வயர் இழுத்தான். பெட்டி உட்காரும் பலகையின் ஓட்டை சிறியது. இரண்டு மாலை அரம் போட்டு அகலப்படுத்தினான். எல்லாம் பொருந்தி விளக்கும் எரிந்தது. குரல் வரவில்லை.

ஆறு நாள் வரவில்லை. மாமியார் தினமும் ஏறினாள், அவனோடு பேசவில்லை. அந்த நாள் காலை ஆறரைக்கும் வரவில்லை. ஏழுக்கு, உட்கார இடமில்லாத கூட்டத்தோடு படகு கிளம்பியது. அக்கரை நெருங்கும்போது மாமியார்தான் வாயைத் திறந்தாள்.

"இது என்ன, ஏறினதுலேர்ந்து பன்னிரண்டு பன்னிரண்டுன்னு கண்ணடிக்குது?"

பழைய பெட்டியில் கடிகாரம் கிடையாது. அது தானாகவே நாளையும் நேரத்தையும் தெரிந்துவைத்திருந்தது. புதியதற்கு யாரும் சொல்லவில்லை. சுக்கானை வாத்தியார் கையில் கொடுத்துவிட்டு, அவன் நாள், மாதம், வருடம் என்று ஒவ்வொன்றாக அழுத்தினான். ஏழு இருபத்திரண்டு என்று வைத்ததும் போன வருட இரைச்சல் படகை நிறைத்தது. இப்போதுதான் தெரிந்தது: பழைய பெட்டி ஒரே வயரில் கலக்கிக் கொடுத்ததைப் புதியது பிரித்துவிட்டது. வலது ஸ்பீக்கரில் என்ஜின். இடது ஸ்பீக்கரில் அவள்.

படகு துறையைத் தொட்டது. ஓடிக்கொண்டிருந்த என்ஜினை அணைத்தான். பிறகு ஒலியை முழுவதும் இடது பக்கம் திருப்பினான்.

"ஞாயித்துக்கிழமை புது ஸ்டீரியோ மாட்டிடலாம். அதுவரைக்கும் நீங்க அதுல கை வைக்காதீங்க. எரிச்சிடுவீங்க."

மாமியார் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். போன வருடம் அவன் தலையாட்டிய நேரத்துக்கு ஸ்டீரியோ மௌனமாக இருந்தது.

மறுநாளிலிருந்து அது, அவள் இல்லாத முதல் நாட்களையும், பேசாமல் அவன் ஓட்டிய நடைகளையும் ஒலிபரப்பத் தொடங்கியது. நீர் சலசலப்புதான் அதிகம். யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன், குரல் வந்த அந்தக் காலையில், இடது ஸ்பீக்கரில் அவள் இன்னும் துறையில் ஒரு காலோடுதான் நின்றாள். அவளுக்கு அவன் இந்த முறை வாய்விட்டே பதில் சொன்னான். படகில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"சும்மா தலையாட்டாதீங்க. காதுல விழுந்துச்சா, இல்லையா?"