ரோகிணி போட்ட பூட்டு

பழனிசாமிக்கு எதையும் சும்மா விட்டுவைக்கத் தெரியாது. கொண்டாப்பூருக்குக் குடிவந்த நான்கு வருடத்தில் குழாய், மிக்ஸி, ஸ்கூட்டர் எல்லாமே அவன் கைபட்டு ஒரு சுற்றுப் படுத்து எழுந்தவை. 2013 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, மனைவி ரோகிணியின் லேப்டாப்புக்கு நேரம் சரியில்லை.

அதில் லினக்ஸ் இயங்குதளம் போட்டுக் கொடுத்தவனே அவன்தான். திரையின் தோற்றத்தைக் கவனிக்கும் டெஸ்க்டாப்புக்குப் புதிய பதிப்பு வந்திருந்தது. ரோகிணி குகட்பள்ளி ரைத்து பஜாருக்குக் காய் வாங்கப் போன நேரம் பார்த்து அதைப் போட உட்கார்ந்தான். கம்ப்யூட்டர் முடியாது என்றது. பழையதுதான் வழிமறிக்கிறதென்று அதைக் கழற்றி எறிந்தான். அப்போதும் முடியாது என்றது. சரி, பழையதையே திரும்பப் போடலாமென்றால், இந்த முயற்சியில் புதிதாக வந்து உட்கார்ந்திருந்த துணை மென்பொருள் பேக்கேஜ்கள் அதோடு ஒத்துப்போகவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் மிச்சம்.

அவன் மணியைப் பார்த்தான். ரோகிணி ஒரு சென்னைப் பதிப்பகத்துக்குக் குழந்தைகளின் அறிவியல் புத்தகம் மொழிபெயர்க்கிறாள். கடைசி அத்தியாயம் மாலை நான்கு மணிக்குள் போயாக வேண்டும். அவனுடைய ஆபீஸ் லேப்டாப்பில் தமிழ் தட்டச்சு ஏற்ற அனுமதி கிடையாது.

பிழைச் செய்தியை அப்போதுதான் பொறுமையாகப் படித்தான். புதிய டெஸ்க்டாப்புக்குத் தமிழ் தட்டச்சு பேக்கேஜும் புதிதாக வேண்டுமாம். ஆனால் அதை யாரும் மாற்றக் கூடாதென்று தடை போட்டிருக்கிறதாம். அவன் போடவில்லை. முன்பு அடித்த கட்டளைகளைப் புரட்டினான். தீபாவளிக்கு முந்தி அவன் செய்த அப்டேட்டை அடுத்து அந்தத் தடை இருந்தது. மூன்று முறை தப்பாக அடித்து, நான்காவது முறை சரியாக.

அந்த அப்டேட்டில் தமிழ் தட்டச்சு மூன்று நாள் வேலை செய்யவில்லை. ஓர் அத்தியாயம் வேறொருவர் கைக்குப் போயிற்று. ரோகிணி அன்று சண்டைக்கு வரவில்லை. கோபமில்லை போலும் என்று நினைத்துக்கொண்டான், மடையன். அவளோ எங்கோ தேடிப் படித்து, அவனிடமிருந்து தன் எழுத்துகளைக் காப்பாற்றிக்கொள்ளப் பூட்டுப் போட்டிருக்கிறாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

தடையை நீக்கினால் புதிய டெஸ்க்டாப் பத்து நிமிடத்தில் வந்துவிடும். தமிழ் வருமா என்பது அப்புறம்தான் தெரியும். கீபோர்டு வரை போன கையை எடுத்துவிட்டான். தான் கொண்டுவந்தவற்றை ஒவ்வொன்றாகப் பழைய பதிப்புக்கு இறக்கத் தொடங்கினான். அவளுடையதைத் தொடவில்லை.

பாதியில் ரோகிணி பையோடு நுழைந்தாள்.

"ஏனுங்க, மறுபடியும் என்ர லேப்டாப்புல கை வெச்சுட்டீங்களா?"

"சித்தெ பொறு ரோகிணி. நீ போட்ட தடையை நான் எடுக்கல."

அவள் பையை இறக்கி வைத்தாள். "கண்டுபுடிச்சுட்டீங்களாக்கும்."

"தப்பு என்ர மேலதான். உன்னையக் கேட்டுட்டுத் தொட்டிருக்கோணும்."

ஒன்றரை மணிக்குப் பழைய டெஸ்க்டாப் திரும்பி வந்தது. ரோகிணி உட்கார்ந்து ஒரு வரி அடித்தாள். தமிழ் வந்தது. நாலடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அத்தியாயத்தை அனுப்பிவிட்டு அவனைக் கூப்பிட்டாள்.

"இதுல பாஸ்வேர்டு மாத்தறது எப்படிங்க?"

சொல்லிக் கொடுத்தான்.

"செரிங்க. இப்ப அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

பழனிசாமி திரும்பி நின்றான். புதிய பாஸ்வேர்டை அவள் இரண்டு முறை அடிக்கும் ஓசை கேட்டது. நீளமான பாஸ்வேர்டாகத்தான் இருந்தது.