எட்டு வார வகுப்பு

“கௌசிக்” என்று அன்புச்செல்வி கூப்பிட்டதும் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவள் சத்தமாகக் கூப்பிடவில்லை. பக்கத்து பெஞ்சில் இருப்பவனைக் கூப்பிடுகிற அளவுக்குத்தான். ஆனால் அது வகுப்பறை அல்ல. சேந்தமங்கலத்துக்கு வெளியே இருந்த ஜீவானந்தத்தின் கோழிப்பண்ணை வீடு. அந்த வீட்டுப் பையனைக் காலனியிலிருந்து வருகிற எவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவன் தொட்டிலில் கிடந்தபோதே அவர்களுக்குச் சின்ன முதலாளி, ‘சின்னப் பண்ணாடி’ ஆகியிருந்தான்.

அவளுடைய அப்பா பொன்னனுக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்திரண்டு வருடமாக அந்தப் பண்ணையில் தீவனம் கொட்டி, முட்டை பொறுக்கி, அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தார். கௌசிக்குக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அவன் அவரை “பொன்னா, இங்க வாடா” என்றுதான் கூப்பிட்டான். யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. நடக்கக் கற்றுக்கொண்டதுபோல அதையும் கற்றுக்கொண்டான். அவர் ஓடிவந்து “சொல்லுங்க சாமி” என்பார்.

இப்போது பொன்னன் மகளின் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். அவளுக்குப் புரிந்தது. சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது என்பதும் புரிந்தது. நிறுத்தினால் இன்னும் மோசமாகிவிடும் என்று நினைத்து, வந்த காரியத்தை ஒரே மூச்சில் சொன்னாள்.

“ஹாஸ்டலுக்கு அப்பா வேல செய்யற எடத்துல இருந்து லெட்டர் கேக்கறாங்க, உங்கப்பாகிட்ட ஒரு கையெழுத்து வாங்கித் தரியா? புதன்கிழம கடைசி. அப்பறம் பிரிப்பரேட்டரி கோர்ஸ் சர்டிபிகேட்டு ரெண்டு காப்பி எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க. நீ எடுத்துட்டியா?”

கௌசிக் தண்ணீர் ஜக்கோடு இரண்டு பந்திக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விருந்தே அவனுக்காகத்தான். இரண்டு கிடா வெட்டியிருந்தார்கள். ‘சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வில் வெற்றி பெற்ற எங்கள் மகன்’ என்று ஜீவானந்தம் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். திருச்செங்கோட்டிலிருந்து, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்காரரான தாய்மாமன் ராசப்பன் காலையிலேயே வந்துவிட்டார். “என்ற மேல நாலு கேஸு கெடக்குது மாப்ள, பத்தரமா வெச்சிருக்கறேன். நீ கோட்டு போட்டதும் உன்ற கையிலதான் குடுப்பேன்” என்று வந்ததிலிருந்து நான்கு முறை சொல்லியிருந்தார். நான்கு முறையும் எல்லோரும் சிரித்தார்கள்.

உண்மையில் கௌசிக் அந்தத் தேர்வில் பதினோரு மதிப்பெண் குறைவாக வாங்கியிருந்தான். இரண்டு வருடம் விடுதிப் பள்ளியில் வினாவங்கியை மனப்பாடம் செய்தவனுக்கு, மனப்பாடம் செய்யாத கேள்விகள் வந்திருந்தன. சேலத்தில் இருந்த அந்தக் கல்லூரி இன்னொரு வழியும் வைத்திருந்தது. தேர்வே எழுதாதவர்களும் அதில் தவறியவர்களும் கோடையில் எட்டு வாரம் ஆயத்த வகுப்புக்கு வரலாம். கடைசியில் ஒரு பரீட்சை. அதில் தேறினால் மற்றவர்களோடு அதே முதலாம் ஆண்டில் உட்காரலாம். அரசுப் பள்ளியிலிருந்து வருகிற, வீட்டில் முதல் ஆளாகப் படிக்கிற பிள்ளைகளை நினைத்துத் தொடங்கிய வகுப்பு அது. ஆனால் யாருக்கும் தடையில்லை.

தன் மகள் அதற்கு விண்ணப்பித்திருப்பதாகப் பொன்னன் ஏப்ரலில் வந்து சொன்னபோது ஜீவானந்தம் சிரித்தார். “தேறாததுக்குன்னே ஒரு கோர்ஸாடா? நல்லாருக்குதே. இப்பிடியே போனா கோழியக்கூட வக்கீலாக்கிருவாங்க.” பத்து நாள் கழித்து மகனின் மதிப்பெண் வந்தது. அவர் அதே விண்ணப்பத்தை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நிரப்பினார். பையன் சென்னையில் கம்ப்யூட்டர் படிக்கப் போயிருப்பதாக ஊருக்குச் சொன்னார். பொன்னனிடம் மட்டும், “வாயத் தொறக்காத” என்றார். பொன்னன் திறக்கவில்லை. மகளிடம்கூட அதைச் சொல்லி வைக்கவில்லை. அதுதான் அவர் செய்த பிழை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

வகுப்பில் முதல் இரண்டு நாள் கௌசிக் அவளைத் தெரியாததுபோல இருந்தான். மூன்றாம் நாள் வழக்குக் கதை ஒன்றைக் கொடுத்து யார் பக்கம் நியாயம் என்று எழுதச் சொன்னார்கள். அவன் வெறுந்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் நகர்ந்து வந்து, “சட்டம் அப்பறமுங்க. யாருக்கு என்ன போச்சுன்னு மொதல்ல பாருங்க” என்றாள். அவன் பார்த்தான். ஒரு கதவு திறந்ததுபோல இருந்தது. அன்று மாலை அவனே அவளிடம், “இங்க வந்து என்னய வாங்க போங்கன்னு கூப்புடாத. எல்லாரும் சிரிக்கறாங்க. கௌசிக்னே சொல்லு” என்று கேட்டுக்கொண்டான். எட்டு வாரமும் அவர்கள் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். கடைசிப் பரீட்சையில் அவள் மூன்றாவதாக வந்தாள். அவன் பதினான்காவது.

பந்தியில் ராசப்பன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“என்ன கோர்ஸு மாப்ள? அந்தப் புள்ள என்னமோ சொல்லுது?”

ஜீவானந்தம் இலையிலிருந்து எழுந்துவிட்டார். அவர் முகம் மகனுக்கு நன்றாகத் தெரிந்த முகம். பதிலை உள்ளே வைத்தே கேள்வி கேட்கும் முகம்.

“கௌசிக்கு, இந்தப் புள்ளய உனக்குத் தெரியுமா?”

அன்புச்செல்வி அவனைப் பார்த்தாள். ‘தெரியும்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அவன் அந்த நேரத்தைக் கடந்து போகவிட்டான்.

“நம்ம பொன்னன் புள்ளைங்கப்பா” என்றான். “வேற யாரையோ நெனச்சுட்டுப் பேசுதுன்னு நெனைக்கறேன்.”

“அப்பிடிச் சொல்லு” என்று ஜீவானந்தம் மூச்சு விட்டார். பிறகு பொன்னனிடம் திரும்பினார். இப்போது அவருக்குக் கோபம் எளிதாக வந்தது.

“ஏன்டா பொன்னா, ரெண்டு எழுத்துப் படிச்சதும் பேரு சொல்லிக் கூப்புடற அளவுக்கு வந்தாச்சா? சொந்தபந்தமெல்லாம் சாப்பிட்டுட்டிருக்கறப்ப?”

“அறியாப் புள்ளைங்க சாமி…”

“அறியாப் புள்ளையா? வக்கீலாகப் போற புள்ள! கையெழுத்துத்தான வேணும்? போடறேன். சின்னப் பண்ணாடின்னு மரியாதையாக் கூப்புட்டு, தப்பாப் பேசிப்போட்டேன்னு சொல்லச் சொல்லு. பேனாவ எடுக்கறேன்.”

வாசற்படியில் நின்ற சுகன்யா, “உடுங்க, புள்ளதான” என்றாள். அவள் கௌசிக்கின் அம்மா. ஞாயிறுதோறும் சேலத்துக்குப் போய் மகனைப் பார்த்துவந்தவள். அவன் பக்கத்தில் இந்தப் பெண் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்ததை இரண்டு முறை பார்த்திருக்கிறாள். கொண்டுபோன முறுக்கில் அவளுக்கும் நான்கு கொடுத்திருக்கிறாள். அதையெல்லாம் இப்போது சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. “உங்கம்மா சின்னாயிக்கும் சேத்துக் கறிச்சோறு கட்டித் தாரேன் அம்மிணி, எடுத்துட்டுப் போயிரு” என்று மட்டும் சொன்னாள்.

அன்புச்செல்வி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. பொன்னன் மகளைப் பார்த்தார், தன் கையில் வைத்திருந்த ஹாஸ்டல் தாளைப் பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பந்தியின் ஓரமாக நான்கு அடி நடந்து, பதினெட்டு வயதுப் பையனுக்கு முன்னால் கையைக் கூப்பினார்.

“புள்ளைக்குப் பதிலா நாஞ் சொல்றனுங்க. சின்னப் பண்ணாடி, மனசுல வெச்சுக்காதீங்க. மன்னிச்சுப் போடுங்க.”

ஜக்கிலிருந்த தண்ணீர் தளும்பிக் கௌசிக்கின் காலில் விழுந்தது. அவன் அதைக் குனிந்து பார்த்தான். பார்ப்பதற்கு ஏதோ ஒன்று கிடைத்ததே என்று இருந்தது அவனுக்கு.

“நீ சொல்லி என்னடா ஆகோணும்?” என்றார் ஜீவானந்தம். “அது சொல்லோணும்.”

அன்புச்செல்வி அப்பாவிடம் வந்து கூப்பிய கைகளுக்கு நடுவிலிருந்து தாளை உருவி எடுத்தாள்.

“கையெழுத்து வேண்டாங்க” என்றாள். “வாங்கப்பா.”

அவர்கள் ஷெட்டுகளைத் தாண்டிப் போவதைப் பந்தியில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ரசம் கேட்டார்கள். ராசப்பன் விரலை நக்கிக்கொண்டே, “அதெல்லாம் கெடக்குது, உன்ற ரேங்க் எத்தன மாப்ள?” என்றார்.

“நானூத்திப் பன்னெண்டு மாமா.”

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. இவ்வளவு சுலபமாக வந்ததே என்றுதான் பயமாக இருந்தது.

மறுநாள் காலை பொன்னன் பண்ணைக்கு வந்தபோது கேட்டில் வேறொரு ஆள் நின்றான். “இனி வர வேண்டாமாமா” என்றான். அவ்வளவுதான். சின்னாயி பண்ணையில் கூட்டுகிற வேலையும் அதோடு போயிற்று. பொன்னன் அன்றே ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையில் மாவு காயப்போடும் வேலைக்குச் சேர்ந்தார். மகளோடு கிராம நிர்வாக அலுவலரின் வாசலில் செவ்வாய்க்கிழமை முழுக்க உட்கார்ந்து அந்தக் கடிதத்தை வேறு வகையில் வாங்கினார்.

புதன்கிழமை சேலத்தில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. கல்லூரி மைதானத்தில் இரண்டு வரிசைகள். ஒன்று நுழைவுத் தேர்வில் வந்தவர்களுக்கு, இன்னொன்று ஆயத்த வகுப்பில் வந்தவர்களுக்கு. ஜீவானந்தம் தனியாக வந்திருந்தால் நேராக இரண்டாவதற்குப் போயிருப்பார். ஆனால் ராசப்பன் தன் புதுக் காரில் தானே கூட்டிவருவதாகப் பிடிவாதம் பிடித்திருந்தார். அவர் பக்கத்தில் நின்று கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஆகவே அப்பாவும் மகனும் முதல் வரிசையில் நின்றார்கள்.

“அப்பா, இது இல்லைங்க…” என்று கௌசிக் இரண்டு முறை முணுமுணுத்தான்.

“பேசாம நில்லு. உள்ள போயிட்டா எல்லாம் ஒண்ணுதான்.”

ஒரு மணி நேரம் கழித்து மேசைக்கு வந்தார்கள். அங்கிருந்த பெண் பட்டியலை மேலிருந்து கீழே விரலால் தடவினாள். மறுபடி தடவினாள்.

“இந்த லிஸ்ட்ல பேரு இல்லைங்க சார். தம்பி எந்த வழியா வந்தாரு?”

ஜீவானந்தம் குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார்.

“அட, பிரிப்பரேட்டரியா? இதோ, அந்த லிஸ்ட்ல பதினாலாவது பேரு. அந்த லைனுங்க சார். இவ்வளவு நேரம் தப்பான லைன்ல நின்னுட்டீங்களே.” அவள் கேலி செய்யவில்லை. அவளுக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது.

ராசப்பன் கைபேசியை இறக்கினார். மச்சானைப் பார்க்காமல், “வண்டிய நெழல்ல நிறுத்திப்போட்டு வாரேன்” என்றார். வண்டி புங்க மரத்தடியில்தான் நின்றுகொண்டிருந்தது.

இரண்டாவது வரிசையின் கடைசியில் பொன்னன் நின்றார். முன்னால் அன்புச்செல்வி. பொன்னனுடைய சட்டை புதிது, மடிப்பு இன்னும் போகவில்லை. விரல் நகங்களில் வெள்ளை மாவு இருந்தது. காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவர் ஜீவானந்தத்தைப் பார்த்தார். அடுத்த கணம் அவர் உடம்பு தானாக நகர்ந்தது. ஒரு கால் வரிசைக்கு வெளியே போய்விட்டது. தோளில் இருந்த துண்டு கக்கத்துக்கு வந்துவிட்டது.

“வாங்க சாமி. முன்னால நில்லுங்க.”

ஜீவானந்தம் யோசிக்கவில்லை. வழி விட்டால் போவதும் அவருக்கு அப்படித்தான் பழகியிருந்தது. அந்த இடத்தில் காலை வைத்துவிட்டார்.

“அப்பா” என்றாள் அன்புச்செல்வி. அவள் குரல் உயரவில்லை. பக்கத்தில் நின்றவர்களையோ பின்னால் வந்தவர்களையோ அவள் பார்க்கவில்லை. அப்பாவை மட்டும் பார்த்தாள். “இது நம்ம எடம். அவங்களுக்கு முன்னாலயே வந்து நின்ன எடம். வந்து நில்லுங்க.”

பொன்னன் மகளைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார், அது யாருடைய காலோ என்பதுபோல. ஐம்பது வருடமாக யாரைக் கண்டாலும் ஓரம்போகத் தெரிந்த கால். அதை அவர் மெதுவாக எடுத்து வரிசைக்குள் வைத்தார். ஜீவானந்தத்தின் செருப்புக்குப் பக்கத்தில், அதை இடிக்காமல், ஆனால் அங்கேயே வைத்தார். ஜீவானந்தம் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் அவரவர் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே அவரை யாருக்கும் தெரியாது. அவர் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

அந்த அசைவில் பொன்னனின் கக்கத்திலிருந்த துண்டு நழுவி மண்ணில் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை.

கௌசிக்குக்குப் பின்னால் ஒரு அம்மா மகளோடு வந்து சேர்ந்தார். ஜலகண்டாபுரத்தில் தறி ஓட்டுகிறவர் என்று அதற்குள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கௌசிக்கின் தோளைத் தட்டினார்.

“தம்பி, முன்னால அந்தப் புதுச்சட்டக்காரரு துண்டக் கீழ போட்டுட்டாரு. கூப்புட்டுச் சொல்லு சாமி.”

அவன் குனிந்து துண்டை எடுத்தான். கூப்பிடுவதற்கு வாயைத் திறந்தான். நாக்கின் நுனியில் ‘பொன்னா’ வந்து நின்றது. பின்னால் அந்த அம்மா காத்துக்கொண்டிருந்தார். அவன் அந்தச் சொல்லைப் பல்லுக்குள் பிடித்து நிறுத்திவிட்டு வேறொன்றைத் தேடினான். அண்ணா, மாமா, ஐயா. எத்தனையோ பேரை எப்படியெல்லாமோ கூப்பிட்டிருக்கிறான். இவரை இந்தப் பதினெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. எந்தச் சொல்லும் அவன் வாயில் நிற்கவில்லை.

வரிசை நகர்ந்தது. பொன்னன் மகளுக்குப் பின்னால் ஓரடி முன்னே போனார். கௌசிக் துண்டைக் கையில் பிடித்தபடி அவர் பின்னால் நடந்தான்.