வானத்தை மறைத்த பிள்ளையார்

அகில உலகத்துக்கும், குறிப்பாகப் பங்காளிகளுக்கும், குடுமியான்மலை மலையாண்டி அறிவித்தது யாதெனில்: இனித் தம் வாழ்நாளில் எவனிடமும் வழி கேட்கப்போவதில்லை. பழைய காரில் அவர் புதிதாக மாட்டியிருக்கும் பெரிய திரை செட்டு, சாட்டிலைட்டைப் பார்த்துத் தானே வழி சொல்லும்.

வெள்ளிக்கிழமை, மகனுக்குப் பெண் கேட்க, மனைவி பிரகதாம்பாளோடு கந்தர்வக்கோட்டைக்குப் புறப்பட்டார். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் வாசலை மிதிக்காவிட்டால் சம்பந்தமே கிடையாது என்று பெண் வீட்டாருக்குப் போனில் கறாராகச் சொல்லியிருந்தவரும் அவரேதான்.

ஊருக்குள் நுழைந்ததும், கார் குளத்து நடுவில் நிற்பதாகச் செட்டு காட்டியது. ஒரே தெருவை மூன்று முறை சுற்றினார்கள்.

“அந்தப் பூக்காரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்,” என்றாள் பிரகதாம்பாள்.

“கேக்குறதுக்கா செட்டு மாட்டுனேன்? சும்மா இரு.”

மணி பத்து. கார் செட்டு மாட்டும் கடை ஒன்று கண்ணில் பட, நிறுத்தினார். கடைக்காரர் மரியசெல்வம் கையைத் துடைத்தபடி வந்தார்.

“எங்கிட்டுப் போகணும்ங்க?”

“அதைச் செட்டு சொல்லும். சிக்னல் வரல, அதை மட்டும் பாருங்க.”

மரியசெல்வம் செட்டை அணைத்துப் போட்டார். செட்டிங்கைத் துழாவினார். கடைசியில் செட்டைக் கழற்றி, பின்னாலிருந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். டேஷ்போர்டின் மேல், தகட்டுப் பிள்ளையாரின் அடியில் இருந்த சின்னக் கறுப்புப் பெட்டியில் ஒயர் முடிந்தது.

“இதுமேல சாமியை வச்சது யாருங்க?”

“நாந்தான். சாமி ஆடாம நிக்கணும்னு செட்டு மாட்டுனவனே காந்தம் வச்சுக் குடுத்திருக்கான். என்னா பிடி பிடிக்குது!”

“அது ஆன்டெனாங்க. அது வானத்தைப் பாக்கணும்.”

“அப்ப விநாயகரே விக்கினம் பண்றாருங்கிறீங்களா?”

“அவரு இல்லங்க, இரும்புத் தகடு. நீங்களே எடுத்துருங்க. மரியசெல்வம் எடுத்தான்னா நாளைக்கு வேற பேச்சாயிரும்.”

“வெள்ளிக்கிழமை அதுவுமா பிள்ளையாரை நகட்டுறதா?”

இந்த விசாரணை கால்மணி நேரம் நடந்தது. பிரகதாம்பாள் எட்டி, பிள்ளையாரைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். “நீங்க இங்கிட்டு ஒக்காருங்க சாமி.”

திரையில் சாட்டிலைட்டுகள் வரிசையாக முளைத்தன. “பாத்தியா!” என்று மலையாண்டி நெஞ்சை நிமிர்த்தினார்.

“உங்கள் சேருமிடம் இடதுபுறம் உள்ளது,” என்றது செட்டு.

இடதுபுறம், கடையை ஒட்டிய தம் வீட்டு மதில்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, பெண்ணின் அப்பா ஆண்டிச்சாமி நின்றிருந்தார்.

“வாங்கண்ணே. நீங்க வந்ததுல இருந்து கேட்டுக்கிட்டுத்தான் நிக்கிறேன். செட்டு சொல்லட்டும்னு இருந்தேன்.”

மணி பத்து முப்பத்திரண்டு.