வெட்டுப்பட்ட நான்கு பைட்டுகள்

1

இல்சா டோர்வினனுக்கு எழுத வேண்டிய கடிதத்தை நான் இன்னும் எழுதவில்லை. இந்தக் கதை பிறந்தது அதனால்தான்.

2

முதல் தொடக்கம்: டுலூத் நகரில் பனி கொட்டிய திங்கட்கிழமையன்று, அர்வோ (நான்தான்) என்ற கெர்னல்காரன்...

(வேண்டாம். பனியில் தொடங்கினால் யாரையாவது சாகடிக்க வேண்டிவரும்.)

இரண்டாவது: இல்சா ஏரிப் பனிக்கட்டியின் தடிமனை அளப்பவள். பன்னிரண்டு குளிர்கால அளவுகளும் கடவுச்சொல்லால் பூட்டிய ஒரே வட்டில் இருக்கின்றன. வட்டு, யுஎஸ்பி பெட்டிக்குள். பூட்டைத் திறக்கும் கட்டளையை இயங்குதளத்தின் மையநிரலான கெர்னல் கைவைக்காமல் அப்படியே பெட்டிக்குக் கடத்த வேண்டும். கெர்னலைப் புதுப்பித்த நாள்முதல் பெட்டி, ‘இந்தக் கட்டளை தெரியாது’ என்கிறது.

3

“நகல் எங்க இல்சா?”

“இருக்கே. அதே வட்டுல, வேற ஃபோல்டர்ல.”

“அடிப்பாவி!”

“திட்டாம வழி சொல்லு, பெரிய கெர்னல்காரா.”

“கேபிளை மாத்திப் பாரு.”

“மூணு மாத்திட்டேன். உன்னைத்தான் இன்னும் மாத்தல.”

“அப்ப வட்டு போச்சுன்னு வச்சுக்கோ.”

“சரி. அதுல என் டைரியும் இருக்கு. யாரும் படிக்காதபடி சனிக்கிழமை வட்டுல துளை போட்டுத் தூக்கிப் போட்டுடறேன்.”

4

எதையும் வரிசையாகச் செய்கிறவன் நான். கெர்னல்மேல் சந்தேகம் மட்டும் தாமதமாகத்தான் வந்தது. என்னிடமும் அதே பெட்டி உண்டு. பழைய கெர்னலுக்கும் புதியதற்கும் இடைப்பட்ட மாற்றங்களைப் பாதிபாதியாகப் பிரித்துச் சோதித்தேன். பதின்மூன்றாம் சுற்றில் அகப்பட்டது: பதினாறு பைட் கட்டளையை ஒரு மாற்றம் பன்னிரண்டோடு வெட்டிவிடுகிறது. எழுதியவர் யாரோ. கீழே, ‘படித்துச் சரிபார்த்தவர்’ என்ற வரியில்*

* படிக்காமல் அந்த வரியில் பெயரைக் கொடுப்பது கெர்னல்காரர்களிடையே பெரிய பாவம். சாப்பாட்டு அவசரத்தில் கொடுப்பதும் அதில் சேர்த்தி.

என் பெயர்.

5

முடிவு அ: எழுதியவர்மேல் பழியைப் போடுகிறேன். (நடை நன்றாக வந்தது. அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: “பழைய கெர்னல்ல திறந்து பாரு” என்று மட்டும் சொல்கிறேன். வட்டு திறக்கிறது. இல்சா என்னை மேதை என்கிறாள். (எனக்குப் பிடித்த முடிவு இதுதான். அதுதான் சிக்கல்.)

முடிவு இ-க்குத் தலைப்பு வைக்கும்போதே தொலைபேசி அடித்தது. சனிக்கிழமை, காலை ஒன்பது.

“அர்வோ, துளைக்கருவியைக் கையில வச்சிருக்கேன். ஏதாவது சொல்லணுமா?”

“கீழ வை! பழைய கெர்னல்ல கம்ப்யூட்டரை ஏத்து. வட்டு மேல தப்பில்ல.”

கருவியை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, சந்தேகத்தோடு:

“அப்ப யார் மேல?”

வாசகரே, ஆ-வில் போலவே இப்போதும் என் பெயரை மறைத்துவிடலாம், அவள் நம்புவாள். எதை எழுதுவீர்களோ எழுதிக்கொள்ளுங்கள். பேனாவை வைக்கிறேன். அவள் கேட்டது உங்களை அல்ல, என்னை.